ஏழு ஊர், ஒரு கெமைண்டே: ஜெர்மன் கிராமத்தில் குடியேறப் போகிறவர்களுக்கு

வேலை வீஸ்பாடனிலோ மைன்ஸிலோ பிராங்க்ஃபர்ட்டிலோ இருக்கும். நகரத்து வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும். வீடு தேடும் தளத்தில் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், டவுனுஸ் மலைக்காட்டுக்கு அந்தப் பக்கம், கையைக் கடிக்காத வாடகைக்குத் தோட்டத்தோடு ஒரு வீடு கண்ணில் படும். ஊர் பெயர் ஹோஹென்ஷ்டைன் என்று போட்டிருக்கும். சரி, பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஜெர்மனியில் எந்தக் கிராமப்புறத்துக்குப் போனாலும் இதில் முக்கால்வாசி பொருந்தும். ஆனால் சட்டதிட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், ஹெஸ்ஸன் மாநிலத்தின் ஹோஹென்ஷ்டைனையே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஹோஹென்ஷ்டைன் என்று தனியாக ஓர் ஊர் கிடையாது. போர்ன், பிரைட்ஹார்ட், பூர்க்-ஹோஹென்ஷ்டைன், ஹென்னத்தால், ஹோல்ட்ஸ்ஹவுசன், ஷ்டெக்கன்ரோட், ஷ்ட்ரின்ஸ்-மார்கரேத்தே என்று ஏழு கிராமங்கள். எல்லாம் சேர்ந்து ஆறாயிரம் பேர் அளவில்தான். 1970களின் தொடக்கத்தில் ஹெஸ்ஸன் அரசு சின்னச் சின்ன ஊராட்சிகளை ஒன்றாக்கியது. மாநிலத்தில் 2,600க்கு மேல் இருந்தவை 420 அளவுக்குச் சுருங்கின. அந்த அலையில் சேர்ந்தவைதான் இந்த ஏழும். பொதுப்பெயர் வேண்டுமே என்று, காட்சனெல்ன்போகன் பிரபுக்கள் 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய கோட்டையின் பெயரை வைத்தார்கள். கோட்டை இன்று இடிபாடு. பெயர் மட்டும் கெமைண்டே, அதாவது ஊராட்சி, முழுவதற்கும்.

நம்மூரில் ஓர் ஊராட்சிக்குள் நாலைந்து சிற்றூர்கள் இருப்பதைப் போலத்தான் இதுவும். காகிதத்தில் ஒன்று, நடைமுறையில் ஏழு. பேருந்து, இணையம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாமே எந்தக் கிராமம் என்பதைப் பொறுத்தது. அதனால் வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் கிராமத்தைப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

விளம்பரத்தில் கெமைண்டே பெயரை மட்டும் போட்டிருந்தால் கிராமத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். அஞ்சல் எண் 65329 என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஷ்வேபிஷ் ஆல்ப் மலைப்பகுதியிலும் ஒரு ஹோஹென்ஷ்டைன் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதுவும் ஐந்து கிராமங்கள் சேர்ந்த கெமைண்டேதான். வழிகாட்டிச் செயலியில் வெறும் பெயரை மட்டும் தட்டினால் இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள்.

பிறகு ஒரு வேலைநாள் காலையிலும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் அந்தக் கிராமத்துக்குப் போய் வாருங்கள். இரண்டும் வேறு வேறு ஊர் போலத் தெரியும். போனதும் கைபேசியை எடுத்து அலைவரிசைக் கோடுகளைப் பாருங்கள். ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் அதன் கிளைப் பள்ளங்களிலும் ஒரு வளைவு திரும்பினால் சிக்னல் போய்விடும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர் என்றால், வீட்டின் சரியான முகவரியைக் கொடுத்து என்ன வேகத்தில் இணையம் கிடைக்கும் என்று இணைய நிறுவனத்திடமே கேளுங்கள். "இங்கே எல்லாம் நன்றாக வரும்" என்று வீட்டுக்காரர் சொல்வதை நம்பி ஒப்பந்தம் போடாதீர்கள்.

அடுத்து அடித்தளத்துக்கு இறங்குங்கள். நகரத்தில் எரிவாயுவிலோ குழாய் வழி வெப்பத்திலோ பழகியவர்களுக்கு, கிராமத்து வீட்டைச் சூடாக்கும் எண்ணெயின் தொட்டி புதிதாக இருக்கும். ஒரு அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். சாவி வாங்கும் நாளில் அதில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று அளவுகாட்டியைப் பார்த்து ஒப்படைப்புத் தாளில் எழுதச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெய்க்கு யார் பணம் தருவது என்பதில்தான் முதல் மனக்கசப்பு வரும். எண்ணெய் தீரும் வரை காத்திருக்கவும் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே லாரியில் ஆர்டர் போடுவது வழக்கம், விலை குறையும். உங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம், தயங்காதீர்கள்.

கார் விஷயம்

என்னைக் கேட்டால், குடும்பத்தோடு வருகிறவர்கள் கார் இல்லாமல் இங்கே குடியேற வேண்டாம் என்பேன். வீஸ்பாடன் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான். பேருந்தும் உண்டு, ஆர்எம்வி என்ற வட்டாரப் போக்குவரத்து அமைப்பின் செயலியில் நேரம் பார்த்து, டாய்ச்லாண்ட்டிக்கெட் என்ற நாடு தழுவிய மாதச் சீட்டிலேயே போய் வரலாம். ஆனால் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையைக் கூர்ந்து பாருங்கள். நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எழுத்து இருக்கும். கீழே அடிக்குறிப்பில், பள்ளி நாட்களில் மட்டும் என்று போட்டிருக்கும். கிராமத்துப் பேருந்தின் முதுகெலும்பே பள்ளிப் பிள்ளைகள்தான். கோடை விடுமுறை தொடங்கியதும் நீங்கள் தினமும் ஏறிய 6:50 வண்டி வராது. சில தடங்களில் முன்கூட்டியே தொலைபேசியில் சொன்னால்தான் வண்டி வரும். சும்மா நிறுத்தத்தில் போய் நின்றால் ஓட்டுநருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

பள்ளத்தாக்கில் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு ரயில் இருக்கிறதே என்று மகிழ வேண்டாம். அது ஆர்டால்பான். வீஸ்பாடனிலிருந்து டீட்ஸ் வரை ஓடிய பாதை. 1980களில் பயணிகள் ரயிலை நிறுத்திவிட்டார்கள். ஹெஸ்ஸனுக்குள் இருக்கும் பாதை முழுவதும் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். ஹெஸ்ஸனிலேயே நீளமானது என்று பெருமையாகச் சொல்வார்கள். மைன்ஸிலிருந்து வீஸ்பாடன் வழியாக மாவட்டத் தலைநகர் பாட் ஷ்வால்பாஹ் வரை டிராம் விடும் திட்டம் ஒன்று இருந்தது. 2020 நவம்பரில் வீஸ்பாடன் மக்கள் வாக்களித்து அதைத் தள்ளிவிட்டார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் அதைச் சொல்லிப் புலம்புவதுண்டு.

ஓட்டுநர் உரிமத்துக்கு வருவோம். இந்திய, இலங்கை உரிமங்களை வைத்து ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் ஓட்டலாம். பிறகு அதை வைத்து ஓட்டினால் உரிமம் இல்லாமல் ஓட்டிய குற்றம். காப்பீடும் சிக்கலாகும். எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைப் போல இத்தனை மணி நேரம் வகுப்பு என்ற கட்டாயம் கிடையாது. ஓட்டுநர் பள்ளி உங்களைத் தேர்வுக்குத் தயார் என்று நினைத்தால் போதும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்திலேயே எழுதலாம். கண் பரிசோதனை, முதலுதவிப் பயிற்சிச் சான்றுகளோடு மாவட்டத்தின் உரிம அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பம் நகர வாரங்கள் ஆகும் என்பதால், ஆறு மாதம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்காமல் முதல் மாதமே போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, சென்னையிலும் கோவையிலும் நாம் பழகாத ஆபத்து: காட்டு விலங்கு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் இருட்டும் நேரமும் அலுவலகம் விடும் நேரமும் ஒன்றாகிவிடும். மான் சாலையைக் கடந்தால் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடித்துவிட்டால் வண்டியை ஓரம் கட்டி, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முக்கோணத்தை வைத்து, 110-க்கு அழையுங்கள். அடிபட்ட விலங்கைத் தொடவே கூடாது. இறந்ததை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது சட்டப்படி குற்றம். போலீசோ வேட்டைக்காரரோ தரும் சான்றுதான் காப்பீட்டு நிறுவனத்துக்கு வேண்டும்.

எந்த வேலைக்கு எந்தக் கதவு

புதிதாக வருகிறவர்களை அலைக்கழிப்பது இதுதான். கெமைண்டே அலுவலகம், அதாவது ராட்ஹவுஸ், பிரைட்ஹார்ட்டில் இருக்கிறது. ஏழு ஊருக்கும் அது ஒன்றுதான். அதற்கு மேலே ரைன்கவ்-டவுனுஸ் மாவட்டம்; அதன் தலைமையகம் பாட் ஷ்வால்பாஹ்.

குடியேற்றப் பதிவு, அடையாள ஆவணங்கள், மழலையர் காப்பக இடம், தண்ணீர், நாய் வரி, தெருவிளக்கு, சமுதாயக் கூடம், கல்லறைத் தோட்டம் என்றால் பிரைட்ஹார்ட். விசா, வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமம், குப்பை, பள்ளிக் கட்டடம், வீடு கட்டும் அனுமதி என்றால் மாவட்டம். வருமான வரி இரண்டிலும் சேராது. அது வரி அலுவலகத்தின் தனி வழி. ராட்ஹவுஸில் போய் விசா பற்றிக் கேட்டால், அன்பாகவே பேசி, கையில் ஒரு தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

வீடு மாறி இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். போர்னிலிருந்து ஹென்னத்தாலுக்கு, அதே கெமைண்டேக்குள் மாறினாலும் இதே விதிதான். வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நீங்கள் இந்தத் தேதியில் குடிவந்தீர்கள் என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்ற தாள் வேண்டும். கிராமத்து வீட்டுக்காரர்களில் பலர் வயதானவர்கள். அந்தப் படிவத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். நீங்களே அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் வேலை சுலபம். குடும்பத்தில் எல்லாருடைய கடவுச்சீட்டு, திருமணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று ஆகியவற்றை மொழிபெயர்ப்போடு எடுத்துப் போங்கள்.

படிவத்தில் மதம் என்ன என்று ஒரு கட்டம் இருக்கும். கிறிஸ்தவர்கள் இங்கே கவனிக்க வேண்டும்: கத்தோலிக்கம் என்றோ எவாங்கெலிஷ் (புராட்டஸ்டண்ட்) என்றோ பதிவானால், ஹெஸ்ஸனில் வருமான வரியின் மேல் 9 சதவீதம் திருச்சபை வரி சம்பளத்திலேயே பிடிக்கப்படும். கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்து கொடுங்கள் என்கிறேன்.

வேறு மாவட்டத்திலிருந்து வருகிறவர்களின் விசா கோப்பு பழைய அலுவலகத்திலிருந்து புதிய அலுவலகத்துக்கு மாற வேண்டும். அதற்கு மாதக்கணக்கில்கூட ஆகலாம். விசா முடிய நாள் குறைவாக இருந்தால், பதிவு செய்த அன்றே மாவட்ட அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். வதிவிட அட்டையில் முகவரியை எங்கே மாற்றுவது என்று பதிவு மேசையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் செய்ய வேண்டிய வேலை, தபால் பெட்டியில் பெயரை ஒட்டுவது. இங்கே கடிதம் கதவு எண்ணை நம்பி வராது, பெயரை நம்பித்தான் வரும். கடவுச்சீட்டில் இருக்கும் முழுப் பெயரையும் ஒட்டுங்கள், அப்பா பெயர் உட்பட. வரி அடையாள எண், வங்கி அட்டை, காப்பீட்டு அட்டை எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். வானொலி-தொலைக்காட்சிக் கட்டணக் கடிதமும் வந்துவிடும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

பிள்ளைகள்

ஒரு வயது முடிந்த பிள்ளைக்குக் காப்பக இடம் என்பது 2013லிருந்து சட்ட உரிமை. உரிமை இருப்பதும் இடம் இருப்பதும் வேறு வேறு. வீடு உறுதியான உடனேயே கெமைண்டேயில் பெயர் கொடுங்கள். உங்கள் கிராமத்தில் காலி இல்லாமல் பக்கத்துக் கிராமத்தில் கிடைக்கலாம். மூன்று வயதிலிருந்து பள்ளி சேரும் வரை, ஹெஸ்ஸனில் தினம் ஆறு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு மேல் வைத்திருந்தால்தான் பணம்.

தொடக்கப் பள்ளி உங்கள் முகவரியைப் பொறுத்தது. நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஹெஸ்ஸனில் பள்ளி தொடங்குவதற்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு முன்பே பெயர் பதிவு நடக்கும்; ஜெர்மன் போதாத பிள்ளைகளுக்கு முன்னோடி வகுப்பு கட்டாயம். நடுவில் வந்து சேர்கிறவர்கள் பள்ளியையே நேராக அழைத்துப் பேசுங்கள். நாலாம் வகுப்பு வரை பள்ளி இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருந்தால் பேருந்துச் செலவு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து அது மூன்று கிலோமீட்டர்.

வைத்தியம்

குடும்ப மருத்துவரை உடம்பு நன்றாக இருக்கும்போதே தேடுங்கள். புதிய நோயாளிகளை எடுப்பதில்லை என்று பல இடங்களில் சொல்வார்கள். பக்கத்து நகரங்களான டவுனுஸ்ஷ்டைன், பாட் ஷ்வால்பாஹ் வரை கேட்டுப் பாருங்கள். இரவிலும் வார இறுதியிலும் அவசரமில்லாத காய்ச்சல், வாந்திக்கு 116117. உயிருக்கு ஆபத்து என்றால் 112. கிராமத்தில் அழைக்கும்போது தெருப் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கிராமத்தின் பெயரை முதலில் சொல்லுங்கள்.

குப்பை, பனி, ஞாயிறு

குப்பை நாட்காட்டியைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். கிராமத்துக்குக் கிராமம் நாள் மாறலாம் என்பதால் பிரைட்ஹார்ட்டில் இருக்கும் நண்பரிடம் கேட்டுத் தொட்டியை வெளியே வைக்காதீர்கள். காகிதம், மக்கும் குப்பை, பொதிபொருள், மிச்சம் என்று நான்காகப் பிரிக்க வேண்டும். சமையலறைக் கழிவைப் பிளாஸ்டிக் பையோடு மக்கும் தொட்டியில் போட்டால், சிவப்பு அட்டையை ஒட்டிவிட்டுத் தொட்டியை அப்படியே விட்டுப் போவார்கள். அடுத்த இரண்டு வாரம் அது உங்கள் வாசலில் மணக்கும். முதல் நாள் மாலை தெரு ஓரத்தில் எல்லா வீட்டிலும் ஒரே நிறத் தொட்டி நிற்கும். சந்தேகம் என்றால் அதைப் பார்த்து நீங்களும் வையுங்கள்; நாட்காட்டியைவிட நம்பகமானது.

வாடகை ஒப்பந்தத்தில் பனி அள்ளும் பொறுப்பு யாருக்கு என்று பாருங்கள். உங்களுக்கு என்றால், பெரும்பாலான ஊர்களில் காலை ஏழு மணிக்கெல்லாம் வீட்டு முன் நடைபாதை நடக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு உங்கள் தலையில். நவம்பருக்குள் மண்வாரியும் தூவும் மணலும் வாங்கிவிடுங்கள். பனி விழுந்த அன்று கடையில் எதுவும் மிஞ்சாது. சனிக்கிழமைகளில் துடைப்பத்தோடு வீட்டு முன் தெருவைப் பெருக்குகிறவர்களைப் பார்ப்பீர்கள். அதுவும் பல இடங்களில் கெமைண்டே விதிதான், வெறும் சுத்தப் பழக்கம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டும் இயந்திரம், துளையிடும் கருவி, கண்ணாடிப் புட்டிகளைத் தொட்டியில் போடுவது எதுவும் கூடாது. வேலைநாட்களில்கூட இரவு எட்டுக்கு மேல் புல்வெட்ட முடியாது. கடைகளும் மூடியிருக்கும். அரிசி, பருப்பு, புளி, கறிவேப்பிலைக்கு மாதம் ஒரு முறை பிராங்க்ஃபர்ட் தலைமை ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களுக்குப் போய் மொத்தமாக வாங்கி வருவதுதான் வழி. முட்டை, உருளைக்கிழங்குக்கு எங்கும் போக வேண்டாம். பண்ணை வாசலில் ஒரு சின்ன அலமாரி, விலை எழுதிய அட்டை, துளை போட்ட பணப்பெட்டி. ஆள் இருக்க மாட்டார். சில்லறை எடுத்துப் போங்கள், மீதி தர யாரும் இல்லை.

புகைபோக்கி சுத்தம் செய்பவர் கறுப்பு உடையில் வந்து நின்றால் திகைக்க வேண்டாம். வருவதற்கு முன் கதவில் சீட்டு ஒட்டியிருப்பார். வெப்பக் கருவியைச் சோதிப்பது சட்டப்படி கட்டாயம். அவரை உள்ளே விடாமல் இருக்க முடியாது.

ஊரோடு சேர்வது

குடிவந்த முதல் வாரத்திலேயே இரு பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் போய் மணி அடித்து, பெயர் சொல்லிவிட்டு வாருங்கள். அவர்கள் வந்து வரவேற்பார்கள் என்று காத்திருந்தால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். தெருவில் எதிர்ப்படும் எல்லாருக்கும் வணக்கம் சொல்லுங்கள், தெரிந்தவரோ இல்லையோ. இந்தப் பக்கத்தில் "குடே" என்றால் காலை, மாலை எல்லாவற்றுக்கும் போதும்.

கிராமத்தில் திடீரென்று சைரன் ஊளையிட்டால், அது பெரும்பாலும் தீயணைப்புப் படைக்கான அழைப்பு. படை என்றால் சம்பள ஆட்கள் இல்லை. மின்பணியாளரும் ஆசிரியையும் பால்பண்ணைக்காரரும்தான் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். அதனால் தீயணைப்பு நிலையத்தின் கதவு முன்னால் ஐந்து நிமிடத்துக்குக்கூட வண்டியை நிறுத்தாதீர்கள். ஊரோடு நெருங்க அதைவிடச் சிறந்த கதவும் இல்லை. பத்து வயதிலிருந்து பிள்ளைகள் இளையோர் பிரிவில் சேரலாம். பெரியவர்களுக்கு ஜெர்மன் தட்டுத் தடுமாறி வந்தாலும் கை கொடுக்க ஆள் தேவை. ஜனவரியில் பல ஊர்களில் அந்தப் பிள்ளைகள்தான் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை வீடு வீடாக எடுத்துப் போவார்கள். இரண்டு மூன்று யூரோ கொடுங்கள். விளையாட்டுச் சங்கம், பாட்டுக் குழு, கெர்ப் என்ற ஊர்த் திருவிழாவை நடத்தும் இளைஞர்கள் என்று மற்றவையும் உண்டு. ஒன்றில் சேர்ந்தால் போதும். மூன்றில் பெயர் கொடுத்துவிட்டு எதற்கும் போகாதவரைப் பற்றி ஊர் பேசும்.

பொங்கலுக்கோ பிள்ளையின் பிறந்தநாளுக்கோ ஐம்பது பேரைக் கூப்பிட இடம் வேண்டுமென்றால் டோர்ஃப்கெமைன்ஷாஃப்ட்ஸ்ஹவுஸ், அதாவது ஊர்ச் சமுதாயக் கூடம் இருக்கிறது. இவை 1950களில் ஹெஸ்ஸன் அரசு முனைந்து கட்ட ஆரம்பித்தவை. அந்தக் காலத்தில் பொதுச் சலவை இயந்திரம், உறைபதனப் பெட்டி, குளியலறைகூட உள்ளே இருந்தன. இன்று அடுப்பும் தட்டும் நாற்காலியும் இருக்கும். கெமைண்டேயில் நாள் கேட்டுப் பதிவு செய்யுங்கள். வசந்த கால, கோடைச் சனிக்கிழமைகள் முன்கூட்டியே போய்விடும். சாவி வாங்கும்போது தட்டு, கரண்டி எண்ணித் தருவார்கள், எண்ணித்தான் திரும்ப வாங்குவார்கள். இரவு பத்துக்குப் பிறகு ஜன்னலை மூடிவிட்டுப் பாட்டுப் போடுங்கள்.

வாரந்தோறும் தபால் பெட்டியில் விழும் உள்ளூர்ச் செய்தித்தாளை விளம்பரம் என்று தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தச் சாலை மூடியிருக்கும், உங்கள் கிராமத்து ஓர்ட்ஸ்பைராட் எப்போது கூடுகிறது என்பதெல்லாம் அதில்தான் வரும். ஓர்ட்ஸ்பைராட் என்பது கிராமத்துக்கென்று தேர்ந்தெடுத்த சின்ன ஆலோசனைக் குழு. பண அதிகாரம் பெரிதாகக் கிடையாது; ஆனால் கிராமம் சம்பந்தப்பட்ட முக்கிய விஷயங்களில் அதைக் கேட்காமல் கெமைண்டே முடிவெடுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியக் குடிமகனாக இல்லாதவர் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்க முடியாது. ஆனால் கூட்டம் பொதுவானது. யாரும் போய் உட்காரலாம். பேருந்து நிறுத்தத்தில் கூரை இல்லை, விளையாட்டுத் திடலில் ஊஞ்சல் உடைந்திருக்கிறது என்றால், கூட்டத்துக்கு முன்பே ஓர்ட்ஸ்ஃபோர்ஷ்டேயரை, அதாவது குழுத் தலைவரை, தெருவில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சி நிரலில் ஏறினால்தான் அன்றைக்கு அதைப் பேசுவார்கள்.